சோத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளி டீ

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னை சத்துணவு பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். கீரை சாப்பிடுங்க, முட்டை சாப்பிடுங்கன்னு நானே இந்த ஊர்களில் தெருத் தெருவாகச் சொல்லியிருக்கேன். அதனால் இன்றைக்கு நான் டீயையும் காப்பியையும் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. உங்க கையில இப்போ இருக்கிற அந்த கப்பைப் பற்றித்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். டீயை விடச் சொல்ல நான் வரவில்லை. நானும் குடிக்கிறேன். காப்பி நம்ம ஊருக்கு வந்து ரொம்ப காலம் ஆகிவிடவில்லை. 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே ஆ.இரா.வேங்கடாசலபதி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நம்ம கொள்ளுப்பாட்டிமார் காலையில் நீராகாரம் குடித்தவர்கள். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் "ஒரு வாய் டீ குடிங்க" என்று சொல்லாமல் அனுப்ப மனசு வராது. அது மரியாதையாகிவிட்டது. அதை யாரும் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் எப்போ குடிக்கிறோம், எதுக்குக் குடிக்கிறோம் என்பதை மட்டும் பார்ப்போம்.

டீ, காப்பி இரண்டிலும் காஃபின் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1819-ல் ஜெர்மனியில் ரூங்கே என்ற வேதியியலாளர் காப்பிக் கொட்டையிலிருந்து அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். செடி அதை நமக்காகச் செய்யவில்லை, பூச்சி தின்னாமல் இருக்கத் தனக்காகச் செய்துகொள்கிறது. நமக்கு அது சுறுசுறுப்பாகத் தெரிகிறது.

அது உடம்புக்குள் என்ன செய்கிறது? இதை உங்களுக்குப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் கணக்கு நோட்டு எழுதுகிறவர்கள். நாம் காலையில் எழுந்ததிலிருந்து வேலை செய்யச் செய்ய மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது களைப்பின் பாக்கிக் கணக்கு மாதிரி. பாக்கி ஏற ஏற, "போதும், படு" என்று மூளை சொல்லும். தூங்கினால் அந்தப் பாக்கி அடைபடும். காஃபின் என்ன செய்கிறது தெரியுமா? அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டில் வேறு சாவியைச் செருகி வைத்த மாதிரி. சரியான சாவி உள்ளே போக முடியாது. அதனால் களைப்பு நமக்குத் தெரியவில்லை. களைப்பு போய்விடவில்லை, கவனிங்க. தவணை கேட்டு வருகிறவரை வாசலிலேயே உட்கார வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். காஃபின் இறங்கினதும் அவர் பாக்கி முழுவதையும் ஒன்றாகக் கேட்பார். சாயந்திரம் நாலு மணிக்கு உடம்பே கழன்று விழுகிற மாதிரி இருக்கு என்று சொல்வோமே, அதில் இதுவும் ஒரு பங்கு.

குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் காஃபின் உச்சத்துக்குப் போய்விடும். இறங்குவதுதான் மெதுவாக. நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கு, உள்ளே போனதில் பாதி குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்குத் தாமதம். சாயந்திரம் 5 மணிக்கு ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காப்பியில் 100 மில்லிகிராம் உள்ளே போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 10 மணிக்குப் படுக்கும்போது 50 இன்னும் இருக்கும். விடியற்காலை 3 மணிக்கு 25 இருக்கும். "எனக்குக் காப்பி குடிச்சாத்தான் தூக்கமே வரும்" என்று ஒரு அக்கா எப்போதும் சொல்வார். தூக்கம் வரலாம். ஆழமான தூக்கம் குறையும். காலையில் எழுந்திருக்கும்போதே அசதி, உடனே ஒரு காப்பி. இது எங்கே போய் முடியும் என்று கந்து வட்டி வாங்கினவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்பீர்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். 150 மில்லி டிக்காஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை காஃபின். இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65. ஒரு கப் டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 300 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். காப்பித் தூளில் சிக்கரி கலந்திருந்தால் அந்தப் பங்குக்குக் காஃபின் கிடையாது, சிக்கரி ஒரு வேர்தான். ஆக மூன்று நாலு டீயில் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. காப்பி அளவாகக் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது சற்றுக் குறைவாகவே இருக்கிறது என்றுகூட ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அந்தக் காப்பியில் இரண்டு ஸ்பூன் சீனி போட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அஞ்சு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன் சீனி. 40, 50 கிராம் ஆகிவிடும். சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத பயம். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்கு நெஞ்செரிச்சல். டீயால்தான் அல்சர் வந்தது என்பார்கள், அது முழுக்க சரியில்லை. அல்சருக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியும், நாம் கண்டபடி விழுங்குகிற வலி மாத்திரைகளும்தான் காரணம். ஆனால் இருக்கிற எரிச்சலை டீயும் காப்பியும் கூட்டும். இரத்த அழுத்தமும் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். அதனால் பிரஷர் பார்க்கப் போகிறவர்கள் அரை மணி நேரத்துக்கு முன்னால் டீ, காப்பி குடிக்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒரு டீயை ஊற்றிக்கொண்டு உள்ளே வந்து கையை நீட்டினால் மெஷின் வேறு கதை சொல்லும்.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இரத்தச் சோகை.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தச் சோகை. இந்தப் பந்தலில் வரிசைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கீங்க. வரிசைக்கு அஞ்சு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே, கர்ப்பிணி என்றால் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தச் சோகை. படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், எந்த வேலையும் ஓடாது.

இதற்கும் டீக்கும் என்ன சம்பந்தம்? இங்கே காஃபின்மேல் பழி போடக் கூடாது. டீயில் துவர்ப்பாக இருக்கிறதே, டானின், அதுதான் காரணம். நாம் சாப்பிடுகிற கீரை, பருப்பு, ராகியில் இருக்கிற இரும்புச் சத்தை அது பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டால் குடலால் அதை உறிஞ்ச முடியாது, அப்படியே வெளியே போய்விடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சுவார்கள், வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடுக்காயில் இருப்பது டானின். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. இரண்டும் சேர்ந்தால் மை. சாப்பாட்டோடு டீ குடிக்கும்போது நம்ம வயிற்றுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். (இந்த இடத்தில் பால் ஊற்றாத டீயில் இரும்புச் சத்து மாத்திரையைத் தோல் நீக்கி, நுணுக்கிப் போட்டுக் காட்டினேன். டம்ளர் கறுத்துப் போனதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.)

சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டில் இருந்து கிடைக்கிற இரும்புச் சத்து பாதிக்கு மேல்கூட குறைந்துபோகும். காப்பியும் குறைக்கும், டீ அளவுக்கு இல்லை. கறி, ஈரலில் இருக்கிற இரும்பை டானின் அவ்வளவாகத் தொடாது. கீரையும் பருப்பும் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். நாம் எத்தனை நாள் கறி சாப்பிடுகிறோம்? பால் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள்.

இப்போது நம்ம நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து ஒரு டீ. வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்துக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-லிருந்து அரசுப் பள்ளியிலேயே காலை உணவும் கிடைக்கிறது. உப்புமா, பொங்கல், சாம்பார் என்று சூடாகச் சாப்பிடுகிறார்கள். அம்மா என்ன சாப்பிடுகிறாள்? இன்னொரு டீ. நூறு நாள் வேலைக்கோ, காட்டு வேலைக்கோ போன இடத்தில் பதினோரு மணிக்கு ஒரு டீ. பசி மத்தியானம் வரை தெரியாது. டீக்குப் பசியை அமுக்கி வைக்கிற குணம் உண்டு. சூடும் சீனியும் சேர்ந்து வயிற்றை ஏமாற்றிவிடும். மத்தியானம் மிச்சம் இருக்கிற சோறு, குழம்பு. சாப்பிட்ட கையோடு ஒரு டீ. உள்ளே போன கொஞ்சம் இரும்பும் அதோடு போச்சு.

இரத்தம் இல்லாததால் அசதி. அசதி தீர டீ. டீயால் இரும்பு சேரவில்லை. சேராததால் மறுபடி அசதி. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதை நம் குழுக்களில் யாராவது செய்தால் ஊக்குநர் விடுவாரா? கூட்டத்தில் வைத்துக் கேட்பார். ஆனால் உடம்பு விஷயத்தில் தினமும் அதைத்தான் செய்கிறோம். அதிலும் இரத்தம் குறைவாக இருந்தாலே நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பின்மேல் காஃபினையும் ஊற்றுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம். இதையும் அதே வழிகாட்டியில் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டோடு எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யா ஏதாவது இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். முருங்கைக்கீரைப் பொரியலில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், காசு ஆகாது.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்லணும். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள் தினம் ஒன்று என்று சிவப்பு மாத்திரை கொடுக்கிறோம். அதைப் பல பேர் டீயில்தான் விழுங்குகிறார்கள், "தண்ணியில குடிச்சா குமட்டுது சிஸ்டர்" என்று. குமட்டினால் ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். டீயில் விழுங்குகிற மாத்திரை விழுங்காத மாத்திரைக்குச் சமம் என்று நான் மருமகள்களிடம் சொல்வதை விட மாமியார்களிடம்தான் அதிகம் சொல்லியிருக்கேன். ஏனென்றால் டம்ளரை நீட்டுவது அவர்கள்தான்.

கர்ப்ப காலத்தில் காஃபின் உடம்பை விட்டு இறங்குவதும் ரொம்ப மெதுவாகிவிடும். கடைசி மாதங்களில் பாதி குறையவே ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகலாம். குழந்தைக்கும் தொப்புள்கொடி வழியாகப் போய்விடும். குழந்தையின் ஈரலால் அதைச் செரித்து வெளியேற்ற முடியாது. தினம் 300 மில்லிகிராமுக்கு மேல் குடிக்கிற கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும், கரு கலைவதும் எடை குறைந்த குழந்தை பிறப்பதும் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்னது. ஐரோப்பாவில் 200-க்குள் இருக்கச் சொல்கிறார்கள். நான் இரண்டு சின்ன டீயோடு நிறுத்தச் சொல்வேன். பால் கொடுக்கிற அம்மாமாருக்கும் அதுதான். கொஞ்சம்தான் பாலில் போகும், ஆனால் பிறந்த குழந்தைக்கு அது இறங்க நாள் கணக்கில் ஆகும். ஒரு விநோதமும் சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தை மூச்சு விட மறந்து மறந்து போகும்போது, டாக்டர்கள் அளவு பார்த்து இதே காஃபினைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள். அளவு தெரிந்தவர் கையில் அது மருந்து.

கர்ப்பம் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் காஃபின் மெதுவாகத்தான் இறங்கும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீங்க. அதை வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. உடனே குடித்தால் மாத்திரை சரியாகச் சேராது. "மாத்திரை போட்டும் டெஸ்டுல குறையவே இல்ல"ன்னு டாக்டரை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். டீயில் பன் முக்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள், வேறு சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது வந்திருக்கிற வண்ண வண்ணக் குளிர்பானம் என்னைப் பயமுறுத்துகிறது. எனர்ஜி டிரிங்க் என்று இருபது ரூபாய்க்குப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள் வாங்கிக் குடிக்கிறார்கள். இந்த மாதிரி பானத்தில் ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம் என்பது நம்ம நாட்டுச் சட்டம். கால் லிட்டர் பாட்டில் என்றால் 75 வரை. ஒரு டம்ளர் நல்ல காப்பி. இதில் கசப்பு தெரியாது, இனிப்பு மட்டும்தான் தெரியும், மடக் மடக்கென்று இறங்கிவிடும். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல என்று அந்த பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எறும்பு அளவு எழுத்தில், இங்கிலீஷில். பெட்டிக்கடைக் கடன் வாங்கியிருக்கிற உறுப்பினர்கள் கோவிச்சுக்கக் கூடாது. சின்னப் பிள்ளை வந்து கேட்டால் கொடுக்காதீங்க.

குறைக்க நினைக்கிறவர்கள் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பழகின உடம்பு கேட்கும். நிறுத்தின மறுநாள் தலைவலி மண்டையைப் பிளக்கும், எரிச்சல் வரும், ஒரு வாரம் வரை இருக்கும். விரதம் இருக்கிற அன்றைக்கு வருகிற தலைவலி பல பேருக்குப் பசித் தலைவலி அல்ல, காப்பித் தலைவலி. அதற்கு வாங்குகிற சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபின் இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அஞ்சு டீ குடிக்கிறவர் இந்த வாரம் நாலு, அடுத்த வாரம் மூன்று என்று இறங்குங்கள். சாயந்திர டீயை முதலில் விடுங்கள், தூக்கம் திரும்பும்.

பேசி முடித்ததும் சில கேள்விகள் வந்தன. மலரில் அதையும் சேர்க்கச் சொன்னார்கள்.

கிரீன் டீ குடித்தால் பரவாயில்லையா என்று ஒரு தங்கச்சி கேட்டார். அதுவும் அதே செடியின் இலைதான். காஃபினும் உண்டு, துவர்ப்பும் உண்டு. அதையும் சாப்பாட்டை விட்டுத் தள்ளித்தான் குடிக்கணும். சுக்கு மல்லிக் காப்பி? பெயரில்தான் காப்பி. டீத்தூளோ காப்பித்தூளோ சேர்க்காவிட்டால் காஃபின் கிடையாது. கருப்பட்டி போட்டாலும் இனிப்பு இனிப்புதான், சர்க்கரை நோயாளிகள் கணக்கில் எழுதிக்கொள்ளணும்.

டீத்தூளில் கலப்படம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். ஒரு வடிகட்டும் தாளில் தூளைப் பரப்பி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பிறகு தூளை உதறிவிட்டுத் தாளைப் பாருங்கள். நல்ல தூள் என்றால் கறை லேசாக இருக்கும். சாயம் கலந்தது என்றால் உடனே அடர்த்தியாகப் பிடிக்கும்.

கடைசியாக எழுந்தவர், பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற உறுப்பினர். "சிஸ்டர், குழுவுல கடன் வாங்கித்தான் பாய்லர் வாங்குனேன். நீங்க இப்படிப் பேசிட்டுப் போயிட்டா நான் எப்படித் தவணை கட்டுறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அவர் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி. நான் அவரிடம் கேட்டேன், காலையில் ஏழு மணிக்கு வருகிற பெண்கள் டீயோடு என்ன வாங்குகிறார்கள் என்று. "ஒண்ணும் வாங்க மாட்டாங்க, டீய மட்டும் குடிச்சிட்டு வேன்ல ஏறிடுவாங்க" என்றார். அந்த நேரத்துக்கு ஒரு சட்டி சுண்டல், ஒரு தூக்கு ராகிக் கூழ் வைத்துப் பாருங்கள் என்றேன். பத்து ரூபாய்க்கு ஒரு டம்ளர் கூழ் விற்றால் டீயை விட லாபம் குறையுமா என்று பொருளாளர் அக்கா அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். குறையாது என்றுதான் கணக்கு வந்தது. கூழும் சுண்டலும் வாங்குகிறவருக்கு அப்போதே டீயையும் கொடுத்துவிடக் கூடாதே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சரிதான். டீயைப் பதினோரு மணிக்கு வேலைத்தளத்துக்குத் தூக்கில் கொண்டுபோய் விற்கலாம் என்று அவரே சொன்னார்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்கு. டீ இரண்டரை மணிக்குத்தான் வந்தது. தலைவி அக்கா கறாராக இருந்துவிட்டார்.